ஒலிடியா காய்ச்சிய கொய்யா இலைத் தண்ணீர்

சான் ஃபெர்மினில் சர்க்கரை போடாமல் காபி குடிக்கிறவர் ஒரே ஒருவர்தான். ஒலிடியா ரொடிலெஸ். சர்க்கரை ஆலைக்காகவே கட்டிய ஊர் இது. ஆலையைக் கழற்றிக் கொண்டுபோய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் கட்டைவிரல் அளவுக் கோப்பைக்கு மூன்று ஸ்பூன் போடுகிற கை யாருக்கும் மாறவில்லை. ரேஷனில் சர்க்கரை ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. வராத மாதத்தில் ஊரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். அந்த ஊரில் ஒருத்தி கறுப்புக் காபியை அப்படியே விழுங்குகிறாள் என்றால் பேச்சு வராமல் இருக்குமா? பல் டாக்டருக்குப் படித்து முடித்து, கட்டாயப் பணிக்காக நான் இங்கே வந்த முதல் வாரமே என் காதுக்கு வந்துவிட்டது.

"அந்தம்மா பங்குச் சர்க்கரை எல்லாம் வீட்டுல தகர டப்பாவுல தூங்குது டாக்டர்," என்றாள் டைனெலிஸ். அவள் பாலர் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகள் அறையைப் பார்த்துக்கொள்ளும் டீச்சர். "நான் கேட்டேன், குடுக்கல. எதிர்வீட்டுக்காரி சோப்பு தரேன்னு சொல்லிக் கேட்டா, அப்பவும் குடுக்கல. தானும் திங்கல. எறும்புக்கு எழுதி வெச்சிருக்கு போல."

ஒலிடியா அதே காப்பகத்தில் சமையல்காரர். ஐம்பத்துநாலு வயது. அகலமான தோள், எப்போதும் ஒரே நீலத் துணியைத் தலையில் கட்டியிருப்பார். இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்பு அவருடையது. மகன் ரெய்னியெர் நாலு வருஷத்துக்கு முன்னால், இருபத்தாறு வயதில் போய்விட்டான். கரும்பு வெட்ட ஆள் ஏற்றிப்போன டிராக்டர் வண்டி கால்வாய்ப் பாலத்தில் கவிழ்ந்தது. வண்டியில் இருந்தது எட்டுப் பேர், ஏழு பேர் எழுந்து வந்தார்கள். ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு ஒலிடியா காப்பக அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார்.

அழவில்லை. அவர் அழுவதற்காக ஊர் நாலு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது. "வெங்காயம் உரிச்சாக்கூட அந்தக் கண்ணுல தண்ணி வராது," என்பாள் டைனெலிஸ். "நம்ம ஊருக்கு வெங்காயம்தான் வரதில்லையே, அது வேற கதை."

ஆனால் கை தடுமாற ஆரம்பித்தது. ஒருநாள் சோற்றில் உப்பே இல்லை. இரண்டு முறை கறுப்பு பீன்ஸ் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது, பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார், வாசம் தெரியவில்லை என்றாராம். காப்பகத் தலைவி மிக்டாலியா கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒலிடியா, உன் துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இது எழுபது புள்ளைங்க வயிறு. இன்னொரு தடவை ஏதாவது நடந்துச்சு, உன்னை அடுப்படியில வெச்சுக்க முடியாது. சொல்லிட்டேன்."

"சரி."

வீட்டில் அவருக்குப் பேச ஆள் கிடையாது. அடுப்படியில் மட்டும் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வார்த்தை பேசுவார். தட்டை நேராப் பிடி. சூடு. இன்னும் வேணுமா. "இதையும் எடுத்துட்டா என்ன இருக்கு," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். புலம்பலாக இல்லை. அரிசி எத்தனை கிலோ மிச்சம் என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

இனி கொய்யா இலைக்கு வருகிறேன்.

இங்கே நாலு வயதுப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தால் முன்பல் நாலும் பழுப்பாக இருக்கும், ஓரத்தில் கறுத்திருக்கும். ரப்பர் சூப்பானைச் சர்க்கரையில் தொட்டு வாயில் வைத்துத்தான் தூங்கவைக்கிறார்கள். பல்லில் பூசுகிற மருந்து வராமலே இரண்டு வருஷம் ஆகிறது. பெரிய பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஃபுளோரைடு தண்ணீரை இந்தச் சின்னதுகளுக்குக் கொடுக்க முடியாது, முழுங்கிவிடும். கொய்யா இலை வேக வைத்த தண்ணீரை முழுங்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வயிற்றுப்போக்குக்கு இங்கே எல்லோரும் குடிப்பதுதான். பல்லை அரிக்கிற கிருமியை அந்தத் தண்ணீர் அடக்கும் என்று நான் படித்திருந்தேன். அதையே தினம் மத்தியானம் வாய் கொப்பளிக்கக் கொடுத்தால் என்ன என்று எங்கள் மருத்துவமனைப் பெரிய டாக்டர் எவெலியோவிடம் போய் நின்றேன். என் பேச்சு வேகத்தில் அவர் இரண்டு தடவை கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எட்டு வாரம் தரேன்மா. ஆரம்பத்துல எச்சில் எடு, கடைசியில எடு. கிருமி குறைஞ்சிருந்தா நம்ம பக்கத்துல இருக்கிற ஆறு காப்பகத்துலயும் ஆரம்பிச்சிடலாம். குறையலன்னா இலையை ஆட்டுக்குப் போட்டுட்டு நீ பல்லு புடுங்கற வேலையைப் பாரு."

காப்பகத்தில் யார் காய்ச்சுவது என்று மிக்டாலியாவிடம் கேட்டேன். "அடுப்படி யாருதோ அவங்கதான்," என்று அவர் கதவுப் பக்கம் கையைக் காட்டினார். ஒலிடியாவிடம் போனேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது இலை, பத்து நிமிஷம் கொதி, மூடி வைத்து ஆறவிடு, துணியில் வடிகட்டு. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். என்னென்ன போட வேண்டும் என்றுதான் எழுதினேன். என்ன போடக்கூடாது என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"புரியுதா அத்தை?" பிள்ளைகள் அவரை அத்தை என்பார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன்.

"புரியுது. இலை காய்ச்சறதுதானே."

அவர் வீட்டுக்குப் பின்னாலேயே கொய்யா மரம் இருந்தது. தினம் காலையில் ஒரு பையில் பறித்துக்கொண்டு வருவார்.

எழுபது பேரில் பாதி கொப்பளிக்கத் தெரியாத கைக்குழந்தைகள், அவர்களை விட்டுவிட்டோம். பெரிய பிள்ளைகள் அறையில் பத்தொன்பது பேர், ஐந்து வயதுக்காரர்கள். அவர்களுக்கு அது திருவிழா. வரிசையாக நின்று, இருபது எண்ணும்வரை கன்னத்தை ஊதி ஊதிக் கொப்பளித்து, யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி. வாளிக்குள் விழுந்ததைவிட வெளியே விழுந்ததுதான் அதிகம்.

சின்ன அறையில் பதினேழு பேர், மூன்றும் நாலும். முதல் நாள் தண்ணீர் நாக்கில் பட்டதும் பதினேழு வாயும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டது. துவர்ப்பு என்றால் அப்படி ஒரு துவர்ப்பு. அய்லேன் என்று ஒரு பெண், நாலு வயது, இரட்டைக் குடுமி, முன்பல் ஏற்கெனவே சொத்தை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருந்த காலித் தயிர் டப்பாவைத் தூக்கி என் வெள்ளைக் கோட்டின் மேலேயே வீசினாள்.

"இது ஆடு திங்கறது!" என்று கத்தினாள். "நான் ஆடு இல்ல!"

"ஆடுகூட இவ்வளவு கத்தாதுடி," என்றாள் டைனெலிஸ்.

இரண்டாம் நாளும் அழுகை. மூன்றாம் நாள் டப்பாக்களைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள், கட்டிலுக்கு அடியில் நாலு பேர் ஒளிந்துகொண்டார்கள். ஒலிடியா கரண்டியோடு கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் ஒருத்தரும் அழவில்லை.

ஐந்தாம் நாள் அய்லேன் டப்பாவை நீட்டி, "இன்னும்," என்றாள். எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. அன்று சாயங்காலமே அறிக்கையில் எழுதினேன்: பிள்ளைகள் சுவைக்குப் பழகிவிட்டார்கள். கோட்டுப் போட்ட முட்டாள்! நான் ஒரே ஒரு சொட்டு என் நாக்கில் விட்டுப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. சின்ன அறைக்கு முதலில் சாப்பாடு போகும், பெரிய அறைக்கு அரைமணி கழித்துப் போகும், அதனால் கொய்யாத் தண்ணீரும் இரண்டு தனித்தனிச் சட்டியில் வரும். அதையும் நான் யோசிக்கவில்லை. தண்ணீர் கொடுத்த கையோடு மடக்குக் கட்டில்களைப் போட்டுப் பிள்ளைகளை இரண்டு மணிநேரம் தூங்க வைப்பார்கள். பாதிப் பேர் துப்பாமல் முழுங்கிவிட்டுத்தான் படுப்பார்கள். எல்லாம் என் கண்முன்னால்தான் நடந்தது.

ஏழாம் வாரம் அய்லேனுக்கு ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. முன்பல் ஒன்றை நான்தான் எடுத்தேன். மரத்துப்போக ஊசி போட்டேன், அரை ஊசிதான் இருந்தது. அவள் தாய் யோவாந்த்ரா பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, "தினம் உங்க தண்ணியத்தானே கொப்பளிக்கிறா டாக்டர், அப்புறமும் ஏன்?" என்று கேட்டாள். முன்னாலேயே அரித்துப்போயிருந்த பல் என்று சொன்னேன். அது உண்மைதான்.

எட்டாவது வாரம் முடிந்தது. எல்லார் எச்சிலையும் எடுத்து, கிருமி வளர்க்கிற தட்டுகளில் தடவி, மாகாண ஆய்வுக்கூடத்துக்கு ஆம்புலன்சில் நானே மடியில் வைத்துக் கொண்டுபோனேன். இரண்டு நாள் கழித்துப் போய் எண்ணினேன். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் ஒரு கிருமிக் கூட்டம். பெரிய அறைத் தட்டுகளில் சராசரியாக நூற்றுப் பத்து இருந்த புள்ளி அறுபதுக்கு வந்திருந்தது. நாற்காலியை விட்டுக் குதித்தேன். அடுத்தது சின்ன அறை. தொண்ணூறு இருந்தது நூற்று அறுபது. மூன்று தட்டில் எண்ணவே முடியவில்லை, பால் கொட்டின மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது.

மறுபடி எண்ணினேன். கரண்ட் போய், தட்டுகளை வைக்கிற சூட்டுப்பெட்டி நின்றிருக்குமோ என்று கேட்டேன், நிற்கவில்லை. பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று பார்த்தேன், இல்லை. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் டிரைவர் பாட்டைக் குறைத்துவிட்டு, "யாராவது செத்துட்டாங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை காப்பகச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தோம். டாக்டர் எவெலியோ, மிக்டாலியா, டைனெலிஸ், நான். பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில்தான் உட்கார்ந்தோம், எவெலியோவின் முழங்கால் அவர் தாடையைத் தொட்டது. ஒலிடியா தட்டில் காபி கொண்டுவந்தார். எல்லோருடையதும் சர்க்கரை போட்டது.

எவெலியோ காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "பெரிய புள்ளைங்களுக்கு ஃபுளோரைடு எப்படியும் ஒருநாள் வந்திடும். நமக்கு வேண்டியது சின்னதுங்களுக்குத்தான். அதுங்களுக்குக் கூடியிருக்கு. குறையலன்னாக்கூடப் பரவாயில்ல, கூடியிருக்கும்மா. நான் இதை ஆறு காப்பகத்துக்குக் கொண்டுபோக முடியாது. இன்னையோட நிறுத்திக்கலாம்."

நான் பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

"டாக்டர்." ஒலிடியா காலித் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். "அதுல சர்க்கரை போட்டா கூடுமா?"

எவெலியோ நிமிர்ந்தார். "எதுல?"

"அந்தத் தண்ணியில."

"சர்க்கரைதாம்மா அந்தக் கிருமிக்குச் சோறு. ஏன் கேக்கறீங்க?"

"நான் போட்டேன். சின்னதுங்க சட்டியில. ஆறு கரண்டி."

பக்கத்து அறையில் ஒரு பிள்ளை தூக்கத்தில் இருமியது கேட்டது.

"எப்பலருந்து?" என்றார் மிக்டாலியா.

"நாலாவது நாள்லருந்து."

"தினமுமா?"

"தினமும்."

மிக்டாலியாவின் கழுத்து சிவந்தது. "புள்ளைங்க பங்குலருந்து எடுத்தியா? ஒலிடியா, அந்தச் சர்க்கரை எழுபது பேருக்கு..."

"இல்ல. என்னோடது. வீட்டுல இருந்தது."

டைனெலிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். தான் கேட்டும் கிடைக்காத சர்க்கரை எங்கே போனது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யாரு உன்னைப் போடச் சொன்னது?" மிக்டாலியாவின் குரல் உயர்ந்தது.

"யாரும் சொல்லல. புள்ளைக்கு இலைக் கஷாயம் சர்க்கரை போடாம யாரு குடுப்பா?"

சர்க்கரை இல்லாமல் எவெலியோவின் தாய் கொடுத்திருக்க மாட்டாள், மிக்டாலியா தன் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்க மாட்டார், என் அம்மா எனக்குக் கொடுத்ததே இல்லை. வயிற்றுவலி, சளி, மாதவலி, எந்த இலையானாலும் காய்ச்சி இறக்கின கை அடுத்தது போகிற இடம் சர்க்கரை டப்பாதான். நான் அதே வழக்கத்தில் வளர்ந்துவிட்டு, சுவரில் எட்டு வரி எழுதி ஒட்டினேன், ஒரு வரியை விட்டுவிட்டேன். "தப்பு என் பேர்லதான்," என்றேன். "நான் எழுதல. போடக்கூடாதுன்னு எழுதல." அழுதுவிட்டேன்.

ஒலிடியா என்னைப் பார்த்தார். மேஜையில் கிடந்த துணியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அய்லேன் பல்லு?" என்று கேட்டார்.

"அது ஏற்கெனவே சொத்தை அத்தை."

"இது நல்லது பண்ணலியே அதுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. "நல்லது பண்ணல," என்றேன்.

"சரி."

ஒலிடியா சொல்லாமலே இருந்திருக்கலாம், அதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. இலை உதவாது என்று எழுதி எல்லோரும் எழுந்து போயிருப்போம். அடுப்பு அவரிடமே இருந்திருக்கும். அது அவருக்குத் தெரியும். மிக்டாலியா கொடுத்த கடைசி எச்சரிக்கை நினைவில் இருக்கத்தான் செய்தது, ஏனென்றால் அடுத்ததாக அவரே தலைத்துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னைக்கே போகணுமா, திங்கக்கிழமையா?"

மிக்டாலியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "திங்கக்கிழமை," என்றார்.

அவரை முதியோர் பகல் இல்லத்துக்கு மாற்றினார்கள். முப்பது கிழவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. டைனெலிஸ் வாசல்வரை வந்து பையைத் தூக்கிக் கொடுத்தாள். "அங்க கவலையே இல்ல அத்தை, எவ்வளவு வேணா சர்க்கரை போடு. கெடுக்கறதுக்கு ஒருத்தனுக்கும் பல்லு கிடையாது." சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஒலிடியா பையை வாங்கித் தோளில் மாட்டினார். "சர்க்கரை தீந்துபோச்சு," என்றார்.

எவெலியோ நியாயமான மனுஷர். சின்ன அறைக் கணக்கை அடித்துவிட்டு, இன்னொரு எட்டு வாரம் கொடுத்தார். "இதான் கடைசி. எண்ணிக்கை இறங்கலன்னா என்கிட்ட கொய்யாங்கற பேச்சே எடுக்காதே."

புதுச் சமையல்காரி நான் எழுதினபடியே காய்ச்சினாள். சுவரில் இப்போது ஒன்பதாவது வரி இருந்தது, சிவப்பு மையில். நானும் தினம் நாக்கில் விட்டுப் பார்த்தேன். பிள்ளைகளின் நாக்குக்குத்தான் ஏழு வாரத்து இனிப்பு நினைவிருந்தது. முதல் வாரம் பதினேழு பேரில் ஐந்து பேர் கொப்பளித்தார்கள். மற்றவர்கள் அழுதார்கள், துப்பினார்கள், பல்லைக் கடித்து உதட்டை மூடிக்கொண்டார்கள். நான் குடித்துக் காட்டினேன், என் முகம் போன கோணலைப் பார்த்து அய்லேன் இன்னும் சத்தமாக அழுதாள். டைனெலிஸ் குடித்துக் காட்டினாள். "ஐயோ ருசி, ஐயோ ருசி," என்று சொல்லிக்கொண்டே அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அத்தை எங்க?" என்றாள் அய்லேன். "அத்தை தண்ணி நல்லாருக்கும்."

அன்று மத்தியானமே பகல் இல்லத்துக்குப் போனேன். ஒலிடியா பெரிய பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். மிக்டாலியாவிடம் இன்னும் கேட்கவில்லை என்றும் சொன்னேன்.

"நான் வந்து என்ன பண்ண?"

"தெரியல அத்தை. சும்மா வாங்களேன்."

பானையைக் கவிழ்த்து வைத்தார். "இவங்க பதினொன்னரைக்குச் சாப்பிட்டுடுவாங்க," என்றார்.

மிக்டாலியா முதலில் முடியாது என்றார், அப்புறம் ஒரு நிபந்தனை போட்டார். "அறைக்குள்ள வரட்டும். அடுப்படி வாசப்படியைத் தாண்டக்கூடாது."

மறுநாள் பன்னிரண்டே காலுக்கு ஒலிடியா வந்தார். பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன, டப்பாக்களை நீட்டின. இனிப்பு வந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அவர் சின்ன நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சட்டியிலிருந்து ஒரு டப்பா மொண்டு தன் வாயில் ஊற்றினார். இருபது எண்ணுகிற நேரம் கொப்பளித்தார். பதினேழு பேரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருவம் நெளியவில்லை. உதடு சுருங்கவில்லை. நாலு வருஷமாக எதற்கும் அசையாத முகம் அது, இதற்கும் அசையவில்லை. வாளியில் துப்பினார், துடைத்துக்கொண்டார்.

"இனிக்குதா?" என்றாள் அய்லேன், சந்தேகமாக.

"இல்ல."

"அப்ப?"

"துவர்க்குது. வாயில ஊத்து. கொப்பளி. துப்பு."

"முன்ன இனிச்சுது."

"முன்ன நான் தப்பாப் பண்ணிட்டேன். உன் பல்லு போச்சுல்ல, அது மாதிரி இன்னொன்னு போயிடும்."

அய்லேன் பல் போன ஓட்டையில் நாக்கை விட்டு யோசித்தாள். பிறகு அவர் முகத்தை இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். அவள் முகம் பழைய துணி மாதிரி சுருங்கியது. ஆனால் துப்பவில்லை. ஒலிடியா எண்ணினார், அவசரப்படாமல், ஒன்று இரண்டு மூன்று. இருபதில் வாளியை நீட்டினார்.

"உவ்வே," என்றாள் அய்லேன் பெருமையாக.

அன்று ஒன்பது பேர் கொப்பளித்தார்கள். அடுத்த வாரம் பதினொன்று. கடைசியில் பதின்மூன்றுக்கு மேல் ஏறவில்லை. நாலு பேர் எட்டு வாரமும் அழுதார்கள், அழட்டும் என்று விட்டுவிட்டோம். மழை நாளிலும் அவர் வந்தார். குடை கிடையாது, தலைமேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வருவார். தான் முதலில் கொப்பளிப்பார், பிறகு ஒவ்வொரு தாடையாகத் துடைத்துவிட்டு, தூங்கப் போகிறவர்களைக் கட்டிலில் ஏற்றிவிட்டுப் போவார். அடுப்படியிலிருந்து புதுச் சமையல்காரி சட்டியைக் கொண்டுவந்து வாசப்படியில் வைப்பாள், இவர் இந்தப் பக்கமிருந்து எடுத்துக்கொள்வார். ஒருநாளும் காலை அந்தப் பக்கம் வைக்கவில்லை.

"போரடிக்கலியா அத்தை, தினமும் இந்த ஆட்டுத் தண்ணி?" என்று டைனெலிஸ் ஒருநாள் கேட்டாள்.

"என் நாக்குக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்றார் ஒலிடியா. டைனெலிஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எட்டு வாரம் முடிந்து மறுபடி தட்டுகள், மறுபடி ஆம்புலன்ஸ். எண்ணினேன். இரண்டாம் சுற்று தொடங்கும்போது நூற்று ஐம்பது. இப்போது எண்பத்தைந்து. எவெலியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அடுத்த மாசம் ஆறு காப்பகத்துலயும் ஆரம்பி," என்றார். "அந்தச் செவப்பு வரியையும் சேத்து எழுது."

அங்கிருந்து கிளம்பினேன். சொல்லப்போனால் ஓடியே போனேன், இரண்டு கிலோமீட்டர், குதிரைவண்டிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பகல் இல்லத்தில் கிழவர்கள் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒலிடியா மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"இறங்கிடுச்சு அத்தை! பாதிக்குக் கொஞ்சம் கம்மியா இறங்கிடுச்சு! ஆறு காப்பகத்துலயும் குடுக்கப் போறோம்!"

"நல்லது."

"உங்களாலதான்."

அவர் கிழங்கைத் திருப்பிப் பிடித்துச் சீவினார். ஒரு சீவல் முடிந்து இன்னொன்று தொடங்கினது.

"மிக்டாலியா அடுப்படி பத்தி ஏதாவது சொன்னாளா?"

அந்த ஒரு கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். வருகிற வழியில் காப்பகத்துக்குள் நுழைந்து முதலில் மிக்டாலியாவிடம்தான் கேட்டிருந்தேன். அவர் இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அந்தப் பொம்பளை நல்லவள்னு எனக்குத் தெரியும்மா. நல்லவ கையில எழுபது புள்ளைங்க சட்டியை நான் குடுக்க முடியாது. என்ன போடுதுன்னு தெரிஞ்ச கைதான் எனக்கு வேணும்," என்றார். நான் எவ்வளவு பேசியும் நகரவில்லை.

"இல்லன்னுட்டாங்க அத்தை."

"சரி," என்றார் ஒலிடியா. சீவின கிழங்கைத் தண்ணீரில் போட்டார். "அழாதே, தண்ணியில விழுது," என்றார். அது எனக்குச் சொன்னது.

ஆய்வு முடிந்துவிட்டது, இனி அவர் வர வேண்டிய கட்டாயம் இல்லை. வர வேண்டும் என்றோ வர வேண்டாம் என்றோ யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை நான் மற்ற காப்பகங்களுக்கான சீட்டுகளை எழுதிக்கொண்டு மிக்டாலியாவின் அறையில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டே கால். ஜன்னலுக்கு வெளியே கேட் கிரீச்சென்றது. நீலத் துணி கட்டின தலை ஒன்று முற்றத்தைக் கடந்து சின்ன அறைப் பக்கம் போனது.

மிக்டாலியாவும் பார்த்தார். அவர் பேனா நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

"எதுவும் பேசாதே," என்றார் மிக்டாலியா, தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தபடி. "அடுப்படி வாசப்படி மட்டும் தாண்ட வேண்டாம்."

சின்ன அறையிலிருந்து அவர் எண்ணுகிற சத்தம் வந்தது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.